கல்லைப் பிடித்த வேர்: அவசரப்படாத முதலுக்கு ஒரு பாடம்

கொழும்பில் சிறு வியாபாரம் செய்யும் நம்மவர்களில் பெரும்பாலானோருடைய சல்லி, முப்பது நாளிலோ அறுபது நாளிலோ சுழலும் சல்லி. புறக்கோட்டையில் கடனுக்குச் சரக்கெடுக்கிறோம். பின்திகதியிட்ட காசோலையைக் கொடுக்கிறோம். அந்தத் திகதி வருவதற்கு முன் விற்றுக் காசாக்கி வங்கியில் போடுகிறோம். இந்தச் சுழற்சியிலேயே ஊறிப்போன ஒருவர், நாலைந்து வருடம் கழித்துத்தான் பலன் தரும் ஒரு பொருளில் கை வைத்தால் என்னவாகும் என்பதே இவ்வாரம் நாம் பார்க்கப்போகும் விடயம்.

இதைக் கற்பனையாகக் கேட்கவில்லை. 2022ஆம் ஆண்டில் ரூபாய் சரிந்து, டொலர் இல்லாமல் இறக்குமதி முடங்கியபோது, வெளிநாட்டுச் சரக்கை மட்டுமே நம்பியிருந்த பல கடைகளின் தட்டுகள் காலியாகின. அதிலிருந்து நமது சகோதரர்கள் சிலர், இறக்குமதியை நம்பாத, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பக்கத் தொழிலைத் தேடி வருகின்றனர். அவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்விகளில் ஒன்று: "நாநா, பொன்சாய் வளர்த்து விற்றால் சரிவருமா? கல்லின் மேல் வேர் படர்ந்த பைனஸ் மரம் ஒன்று பெரிய விலை போகிறதாமே?"

வெள்ளவத்தையில் மொட்டை மாடியில் சாடிகள் வைத்துப் பல வருடமாக இந்த மரங்களோடு பழகியவன் என்ற முறையில், இதன் தொழில்நுட்பத்தையும் கணக்கையும் சேர்த்தே சொல்கிறேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு மற்றதை விட்டால் கைக்காசு போகும்.

கல்மேல் வேர் என்றால் என்ன?

சிறிய சாடியில் ஒரு மரத்தைப் பல வருடம் வளர்த்து, பெரிய மரத்தின் தோற்றத்தை அதற்குக் கொடுப்பதே பொன்சாய். சீனாவில் தோன்றிய இக்கலை ஜப்பானில் செம்மைப்பட்டது. அதன் பாணிகளில் ஒன்றே கல்மேல் வேர்ப் பாணி. மரம் ஒரு பாறையின் முதுகில் உட்கார்ந்திருக்கும். அதன் வேர்கள் பாறையின் பக்கங்களைக் கவ்விப் பிடித்தபடி கீழிறங்கி, அடியிலுள்ள மண்ணுக்குள் செல்லும். மழை மண்ணை அரித்துச் சென்ற மலைச்சரிவில் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மரத்தின் காட்சி அது.

இதைப் பார்க்க மலைநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையின் பழைய மதில்களையும் கட்டடச் சுவர்களையும் அண்ணாந்து பாருங்கள். காகம் போட்ட விதையிலிருந்து முளைத்த ஆலங்கன்றோ அரசங்கன்றோ செங்கல்லை இறுக்கிப் பிடித்து நிற்கும். அந்த வேரை இழுத்தால் சுவரும் சேர்ந்து வரும். அந்தப் பிடிதான் வாங்குபவர் விலை கொடுக்கும் பொருள். கல்லும் மரமும் ஒன்றாகிவிட்டன என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். நேற்றுக் கட்டி வைத்த மரத்தில் அது தெரியாது.

பைனஸ் கன்றிலிருந்து படிப்படியாக

ஜப்பானியர் இதற்குப் பயன்படுத்தும் பைனஸ் பெரும்பாலும் கரும்பைன் இனம். முறை இதுதான்.

முதலாவது, விதை. விதையை ஒரு நாள் தண்ணீரில் ஊறவிட்டு, மிதப்பவற்றை அகற்றி, அடியில் தங்கியவற்றை எடுக்க வேண்டும். கரும்பைன் குளிர்நாட்டு மரம் என்பதால், ஈரமான மணலோடு சில வாரங்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் முளைப்பு சீராக இருக்கும். கழுவிய சுத்தமான மணலில் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் விதைக்க வேண்டும். அழுக்கு மண்ணில் விதைத்தால் பூஞ்சணம் பிடித்து, முளைத்த கன்றுகள் அடியில் அழுகிச் சாய்ந்துவிடும்.

இரண்டாவது, வேரைத் திருத்துதல். கன்றுக்கு ஆறிலிருந்து எட்டு வாரமாகும்போது, தண்டைக் கூரிய பிளேடினால் அடியில் வெட்டி, வேர்விடும் தூளில் தொட்டு, மீண்டும் மணலில் ஊன்றுவார்கள். ஆணிவேர் போய், வெட்டிய இடத்தைச் சுற்றிப் பல பக்கங்களிலும் புதிய வேர்கள் வரும். கல்லின் நாலு பக்கமும் இறங்க வேண்டிய வேர்களுக்கு இதுவே அத்திவாரம்.

மூன்றாவது, வேரை நீளமாக்குதல். கல்லைத் தாண்டி மண்ணை எட்டுமளவு வேர் நீளமாக வேண்டும். அதற்காக ஒடுக்கமான, உயரமான கொள்கலனில் கன்றை வளர்க்கிறார்கள். முப்பது, நாற்பது சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டிய பீ.வீ.சீ. குழாய் இதற்குப் போதும். மேற்பகுதியில் பருக்கன் மணலும், கீழே ஈரத்தைப் பிடிக்கும் கலவையும் போட்டால், வேர் ஈரத்தைத் தேடிக் கீழே ஓடும். இந்தக் கட்டம் ஒன்றிரண்டு வருடம்.

நான்காவது, கல். உறுதியான, சொரசொரப்பான, பள்ளங்களும் வெடிப்புகளும் உள்ள கருங்கல் நல்லது. வழுவழுப்பான ஆற்றுக்கல்லில் வேர் பிடிக்காது. உதிரும் கல் சில வருடத்தில் உடைந்து, பட்ட பாடெல்லாம் வீணாகும். வெள்ளவத்தைக் கடற்கரையில் பொறுக்கிய கல்லென்றால் உப்புப் போகும்வரை நல்ல தண்ணீரில் பல நாள் ஊறவைக்க வேண்டும். முருகைக்கல்லைத் தொடவே வேண்டாம். கரையோரத்தில் அதை அகழ்வது இந்நாட்டில் சட்டப்படி தடை.

ஐந்தாவது, கட்டுதல். கன்றைக் குழாயிலிருந்து எடுத்து, வேரைக் கவனமாகப் பிரித்து, அடிமரத்தைக் கல்லின் மேல் குதிரைச் சேணம்போல இடைவெளியில்லாமல் உட்காரவைக்க வேண்டும். நல்ல நாலைந்து வேர்களைக் கல்லின் பள்ளங்கள் வழியே இறக்கி, சுற்றிலும் இறுகக் கட்ட வேண்டும். நம்மூரில் பழைய சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்துக் கட்டினால் இழுவையும் இருக்கும், வேரும் வெட்டுப்படாது. பைனஸ் வேரிலுள்ள மண்ணை முற்றாகக் கழுவக் கூடாது. வேரோடு ஒட்டி வாழும் வெள்ளைப் பூஞ்சணம் ஒன்று அதற்கு உணவெடுக்க உதவுகிறது. பழைய மண்ணில் ஒரு பகுதி அதனுடன் போக வேண்டும்.

ஆறாவது, புதைத்தல். கட்டிய மரத்தைக் கல்லோடு சேர்த்து ஆழமான சாடியில் முழுமையாகப் புதைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று வருடம் தோண்டிப் பார்க்கக் கூடாது. அதன் பிறகு சில மாதத்துக்கொரு தடவை, மேலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மண்ணை மட்டும் அகற்ற வேண்டும். வெளிச்சம் பட்ட வேர் பட்டைகட்டித் தடிக்கும். ஒரேயடியாக மண்ணை எடுத்தால் மெல்லிய வேர்கள் காய்ந்துவிடும்.

விதையிலிருந்து எண்ணினால், பார்ப்பவர் நின்று பார்க்கும் ஒரு மரமாவதற்கு எட்டு, பத்து வருடம் வேண்டும். பைனஸ் வேர் மெதுவாகத்தான் தடிக்கும்.

கொழும்பில் பைனஸ் சரிவருமா?

காசு போடுமுன் ஒரு வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி இதுவே. இலங்கையில் பைனஸ் இல்லாமலில்லை. கண்டி ஹந்தானையில் காண்பது போன்ற பைனஸ் தோட்டங்களை, குறிப்பாக 1970களின் பிற்பகுதிக்குப் பின்னர், வனத்துறையினர் பெருமளவில் நட்டனர். அவற்றில் பெரும்பகுதி கரிபியன் பைனஸ். மத்திய அமெரிக்காவுக்கும் கரிபியன் தீவுகளுக்கும் உரிய வெப்பநாட்டு இனம் என்பதால் நமது வெப்பத்தைத் தாங்கும். ஆனால் அதன் ஊசி இலை ஒரு சாண் நீளம் வரை வளரும். ஒரு அடி உயர மரத்தில் சாண் நீள இலை இருந்தால், அது மரமாகத் தெரியாது, தும்புத்தடியாகத் தெரியும்.

ஜப்பானியக் கரும்பைனுக்கோ வருடத்தில் ஒரு குளிர்காலம் தேவை. அந்த ஓய்வில்தான் அது அடுத்த வருடத்துக்கான சக்தியைச் சேர்க்கிறது. கொழும்பில் வருடம் முழுவதும் சராசரி வெப்பம் 27, 28 பாகை செல்சியஸ். இங்கே அதற்கு ஓய்வில்லை. கன்று சில வருடம் உயிரோடு இருக்கலாம், ஆனால் தடிப்பதில்லை. நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் காணியும் ஆளும் உள்ளவர் முயன்று பார்க்கலாம். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்துகொண்டு பைனஸில் முதல் போடுவது, காலநிலையோடு வழக்காடுவதற்குச் சமம். அந்த வழக்கில் வென்றவர் இல்லை.

ஆகவே என் ஆலோசனை, முறையை ஜப்பானிடமிருந்து எடுங்கள், மரத்தை நம்மூரிலிருந்து எடுங்கள் என்பதே. நாற்றுமேடைக்காரர் பைக்கஸ் என்று சொல்லும் இத்தி, ஆல் இனங்கள் கல்மேல் வேருக்கென்றே படைக்கப்பட்டவை போன்றவை. பைனஸுக்குச் சொன்ன குழாய், கல், கட்டு, புதைப்பு எல்லாம் இதற்கும் அப்படியே பொருந்தும். வேறுபாடு வேகத்தில்தான். நம்மூர் வெப்பத்திலும் ஈரத்திலும் ஒன்றரை, இரண்டு வருடத்தில் வேர் கல்லைக் கவ்விவிடும். அருகருகே உள்ள வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளரும். நாலு வருடத்தில் விற்கக்கூடிய மரம் கையில் இருக்கும். தடியை வெட்டி ஊன்றினாலும் வேர்விடும் என்றாலும், விதைக்கன்றில் அடிமரம் அழகாக விரியும்.

பைனஸின் தோற்றம்தான் வேண்டுமென்று வாடிக்கையாளர் கேட்டால், சவுக்கு இருக்கிறது. உண்மையில் அது பைனஸ் இனமல்ல. ஊசிபோன்ற இலையும் வெடித்த பட்டையும் அந்தத் தோற்றத்தைத் தரும். உப்புக்காற்றையும் தாங்கும். தண்ணீர் மட்டும் தவறாமல் ஊற்ற வேண்டும். விற்கும்போது சவுக்கு என்றே சொல்லி விற்க வேண்டும்.

அரசமரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளர்ப்பதற்கு இலகுவான மரம்தான். ஆனால் நமது பௌத்த அயலவர்களுக்கு அது வணக்கத்துக்குரியது. அதை வெட்டி, கம்பி சுற்றி, விலைப்பட்டியல் தொங்கவிட்டுக் கடைவாசலில் வைப்பது ஒரு முஸ்லிம் வியாபாரிக்குத் தேவையில்லாத வேலை. வேறு எத்தனையோ இனங்கள் இருக்கின்றன.

இனிக் கணக்கு

கீழே வருபவை சந்தை விலைகள் அல்ல. கணக்கை எப்படிப் போடுவதென்று காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்ட உதாரணத் தொகைகள். உங்கள் பகுதி விலையை இட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

100 இத்திக் கன்றுகள், ஒன்று 150 ரூபாய் வீதம் 15,000. கல், ஒன்று 200 ரூபாய் வீதம் 20,000. சாடி, மண், கம்பி, நாடா 25,000. ஆரம்ப முதல் 60,000 ரூபாய். தண்ணீர், பசளை, மருந்து மாதம் 2,000 வீதம் 48 மாதத்துக்கு 96,000. மொத்தம் 156,000 ரூபாய்.

100இல் 60 மரங்கள் தேறுகின்றன என்று வைப்போம். ஒரு மரத்தின் அடக்கவிலை 2,600 ரூபாய். இதைப் பார்த்துவிட்டு, 5,000 ரூபாய்க்கு விற்றால் இரட்டிப்பு இலாபம் என்று பலர் சந்தோஷப்படுவர். அங்கேதான் பிழைக்கிறது. உங்கள் வேலை நேரம் எங்கே? தினம் அரை மணித்தியாலம் என்றால் மாதம் 15 மணித்தியாலம், 48 மாதத்தில் 720. மணித்தியாலத்துக்கு 250 ரூபாய் என்று வைத்தாலும் 180,000 ரூபாய். இதையும் சேர்த்தால் மொத்தச் செலவு 336,000. அடக்கவிலை 5,600 ரூபாய். 5,000 ரூபாய்க்கு விற்பவர் ஒவ்வொரு மரத்திலும் 600 ரூபாயைக் கையால் கொடுத்தனுப்புகிறார். கடையில் வாப்பாவும் பிள்ளைகளும் செய்யும் வேலைக்குச் சம்பளம் எழுதாமல் இலாபம் பார்க்கும் நமது பழக்கம் இங்கும் வந்துவிடுகிறது.

இன்னொன்று, 60 மரமும் ஒரே தரத்தில் வராது. 30 மரம் சாதாரணம், ஒன்று 3,500 வீதம் 105,000. 20 மரம் நல்ல தரம், 8,000 வீதம் 160,000. 10 மரம் முதல் தரம், 20,000 வீதம் 200,000. வரவு 465,000 ரூபாய். செலவு போக மிச்சம் 129,000.

இப்போது ஒரு மாற்றம் செய்து பாருங்கள். காசு முடையில் அந்த முதல்தர மரங்கள் பத்தையும் சீக்கிரமே எடுத்து, சாதாரண மரத்தின் விலைக்கே விற்றுவிடுகிறீர்கள். 35,000 ரூபாய்தான் வரும். மொத்த வரவு 300,000. முழுத் தொழிலும் 36,000 ரூபாய் நட்டத்தில் முடிகிறது. நாலு வருட இலாபம் முழுவதும் பத்து மரத்துக்குள் இருந்திருக்கிறது. அந்தப் பத்தையும் பாதுகாக்க முடியாதவர் மற்றத் தொண்ணூறையும் வளர்த்திருக்கத் தேவையில்லை.

இதிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன. ஒன்று, மெதுவாக வளரும் பொருளில் அவசரச் சல்லியைப் போடக் கூடாது. கடை வாடகைக்கும், பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கும், காசோலைக்கும் உரிய காசு அந்தந்த இடத்திலேயே இருக்கட்டும். இரண்டு, கடன் வாங்கிச் செய்யக் கூடாது. வட்டி ஹராம் என்பது நமது ஈமானோடு சம்பந்தப்பட்டது. அதை அறியாதவருக்கும் கணக்குச் சொல்லும்: மரம் ஞாயிற்றுக்கிழமை வளராமல் நிற்கலாம், வட்டி நிற்காது. மூன்று, கையில் ஓடும் காசுக்கு ஒரு வழி வேண்டும். 100 கன்று வாங்கினால், ஒரு பகுதியை முதல் வருடத்திலேயே சிறிய அலங்காரச் செடியாக விற்றுவிடுங்கள். அந்தக் காசு தண்ணீருக்கும் பசளைக்கும் போதுமானால், நல்ல மரங்களில் கை வைக்கத் தேவை வராது.

முதல் ஒருவரிடமும் கைவேலை இன்னொருவரிடமும் இருந்தால், முழாரபா முறையில் இலாப விகிதத்தை முன்கூட்டியே எழுதிக் கூட்டுச் சேரலாம். ஆனால் முழுக்காசையும் முன்பணமாக வாங்கி, "மூன்று வருடத்தில் இன்ன மரம் தருகிறேன்" என்று விற்கும் ஸலம் முறைக்கு இது பொருந்தாது. ஸலம் என்பது அளவும் தரமும் சொல்லி நிர்ணயிக்கக்கூடிய, ஒன்றுக்கொன்று ஈடான பொருளுக்குரியது. ஒரு பொன்சாய் இன்னொன்றைப்போல இருக்காது. வியாபாரத்துக்காக வைத்திருக்கும் கையிருப்புக்கு வருட முடிவில் ஸகாத் கணக்கிட வேண்டும் என்பது நாமறிந்ததே. வளர்ந்துகொண்டே போகும் இத்தகைய சரக்கை எப்படி மதிப்பிடுவது என்பதை ஆரம்பத்திலேயே ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கொழும்பு மாடியில் கவனிக்க வேண்டியவை

முதலில் டெங்கு. 2017இல் இந்நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு உள்ளாகினர். சாடிக்குக் கீழ் தண்ணீர் தேங்கும் தட்டு நுளம்புக்கு வீடு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்கும் வரும். அதைவிடப் பெரியது, உங்கள் பிள்ளைக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ காய்ச்சல் வருவது. தட்டே வேண்டாம். வைத்தால் விளிம்பு வரை மணல் நிரப்புங்கள். குழாய்த் துண்டுகளையும் வெற்றுச் சாடிகளையும் மழையில் போட்டு வைக்காதீர்கள்.

இரண்டாவது உப்பு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும்போது, வெள்ளவத்தையில் கடற்பக்க மாடிகளில் உப்பு படிந்து இலை ஓரம் கருகும். மாலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிட வேண்டும். கொட்டாஞ்சேனையில் துறைமுகப் பக்கத்து லொறிப் புழுதிக்கும் அதுவே மருந்து.

மூன்றாவது பாரம். கல்லும் ஈரமண்ணும் சேர்ந்த சாடி இலேசானதல்ல. 100 சாடிகளை மாடியின் நடுவில் குவிக்காமல், தூண்களுக்கும் சுவர்களுக்கும் மேலாக வரிசைப்படுத்துங்கள். தொடர்மாடியானால் முகாமைத்துவக் குழுவின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். காட்டிலிருந்து கன்று பிடுங்கி வருவது சட்டச் சிக்கல். நாற்றுமேடையில் காசு கொடுத்து வாங்கிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனையும் நாணயமும்

பத்தரமுல்லை தியத்த உயனவிலுள்ள செடிக்கடைகளைப் போய்ச் சுற்றிப் பாருங்கள். எந்த அளவு, எந்தத் தரம், என்ன விலை என்பதை ஒரு மாலையில் அறியலாம். இலங்கையில் வாங்குபவர் பெரும்பாலும் தொடர்மாடி வீட்டார், அலுவலகங்கள், ஹோட்டல்கள், பரிசு கொடுப்போர். இவர்களுக்கு இலேசான, கையில் தூக்கக்கூடிய மரமே பொருந்தும்.

ஏற்றுமதி என்று கனவு காண்பவர்களும் உள்ளனர். கனவுக்கு முன் சட்டத்தைப் பாருங்கள். பிற கண்டங்களிலிருந்து வரும் பொன்சாய், குறைந்தது இரண்டு வருடம் தொடர்ச்சியாக அரசில் பதிவு செய்த நாற்றுமேடையில் வளர்ந்திருக்க வேண்டும், வருடத்தில் ஆறு தடவையாவது அதிகாரிகளால் பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. பைனஸ் இனச் செடிகளுக்கு அங்கு பொதுவாகவே தடை. மொட்டை மாடியில் வளர்த்ததைப் பெட்டியில் போட்டு அனுப்பும் வேலை அல்ல இது.

நாணயத்தைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க முடியாது. இந்தத் தொழிலில் ஏமாற்றுவது மிகவும் இலகு. போன மாதம் கட்டிய மரத்தின் மேல் பாசியை ஒட்டி மறைத்துவிட்டு, கல்லைக் கவ்விய மரம் என்று விற்கலாம். கல்லை ஒட்டுப்பசையால் பிடிக்கவைக்கலாம். நாலு வருட மரத்தைப் பத்து வருடம் என்று சொல்லலாம். வாங்குபவருக்குத் தெரியவா போகிறது? மேலே காய்ந்த தானியத்தைக் காட்டி உள்ளே நனைந்ததை மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் அனைவரும் ஜும்ஆ மேடைகளில் கேட்டது. பாசியும் அந்தக் காய்ந்த தானியமும் ஒன்றுதான். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சிறிய அட்டை எழுதுங்கள்: என்ன இனம், எப்போது கல்லில் கட்டியது, எப்போது மண் மாற்றியது. வாங்கியவர் அடுத்த வருடம் மண் மாற்றவும் கிளை வெட்டவும் உங்களிடமே வருவார். அந்தப் பராமரிப்பு வருமானம், மரத்தின் விலையை விட நிரந்தரமானது.

ஜப்பானியர் காட்டிய வழி

1923இல் ஜப்பானின் தோக்கியோவைப் பெரும் பூகம்பம் அழித்தபோது, அங்கிருந்த பொன்சாய்த் தொழிலாளர் பலர் நகரை விட்டு வெளியேறி, 1925இல் ஓமியா என்ற இடத்தில் ஒரு கிராமத்தை அமைத்தனர். நல்ல தண்ணீர், நல்ல மண், சுத்தமான காற்று ஆகியவற்றைப் பார்த்தே இடம் தெரிந்தார்கள். தமக்குள் விதிகளும் வகுத்தார்கள். அங்கு குடியிருப்பவர் குறைந்தது பத்து பொன்சாய் வைத்திருக்க வேண்டும். வாயிற்கதவு எவருக்கும் திறந்திருக்க வேண்டும். இரண்டு மாடி வீடு கட்டக் கூடாது. வேலி பச்சைச் செடியால் இருக்க வேண்டும். ஒரே தொழில்காரர் அடுத்தடுத்து இருந்தும் எவரும் எவரையும் கெடுக்கவில்லை. வாங்குபவர் அந்தக் கிராமத்தைத் தேடி வந்தார். நமது செட்டியார் தெருவில் நகைக்கடைகள் வரிசையாக இருப்பதால்தானே நகை வாங்குபவர் நேரே அங்கே போகிறார்? பொன்சாய் வளர்க்கும் நாலு சகோதரர் விலையைக் குறைத்துப் போட்டி போடுவதை விட, ஒருவர் கன்று, ஒருவர் சாடி, ஒருவர் பயிற்சி, ஒருவர் பராமரிப்பு என்று பிரித்துக்கொண்டால் நால்வரும் வாழலாம்.

இன்னொரு மரத்தின் வரலாறும் உண்டு. 1625ஆம் ஆண்டிலிருந்து சாடியில் பராமரிக்கப்பட்டு வரும் ஒரு வெண்பைன் இன்று அமெரிக்காவின் வொஷிங்டன் நகரில் தேசிய மரத்தோட்டத்தில் இருக்கிறது. ஹிரோஷிமாவில் யமாக்கி என்ற குடும்பத்தினர் அதைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தனர். 1945 ஓகஸ்ட் 6இல் அணுகுண்டு வீழ்ந்தபோது, சுமார் மூன்று கிலோமீற்றர் தூரத்திலிருந்த அவர்களது வீட்டின் கண்ணாடிகள் சிதறின. தோட்டத்து மதிலின் மறைவில் நின்ற மரம் தப்பியது. 1976இல் அக்குடும்பத்தின் மசாரு யமாக்கி, ஜப்பானிய அன்பளிப்பின் ஒரு பகுதியாக அதை அதே அமெரிக்காவுக்கே கொடுத்தார். அதன் பின்னணி அங்குள்ளவர்களுக்கு விளங்கியது 2001இல், அவரது பேரர்கள் மரத்தைப் பார்க்க வந்தபோதுதான்.

இதில் வியாபாரிக்கு என்ன இருக்கிறது? ஒரு தலைமுறை ஆரம்பித்ததை அடுத்த தலைமுறை கெடுக்காமல் எடுத்துச் சென்றது இருக்கிறது. வாப்பா கண்மூடியதும் சொத்துத் தகராறில் பூட்டப்பட்ட கடைகள் நம் மத்தியில் எத்தனை? கல்லில் கட்டிய வேரை ஒரேயடியாக வெளியே எடுத்தால் காயும் என்று மேலே சொன்னேன். பிள்ளைகளும் அப்படித்தான். இருபத்தைந்து வயது வரை கணக்குப் புத்தகத்தைக் காட்டாமல் மூடி வைத்துவிட்டு, ஒரே நாளில் முழுக் கடையையும் கையில் கொடுத்தால் தாங்கமாட்டார்கள். இந்த வருடம் கொள்வனவு, அடுத்த வருடம் கடன் வசூல், அதற்கடுத்த வருடம் வங்கி என்று கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுங்கள். வெயில் பட்டு அவர்களும் தடிப்பார்கள்.

முடிவாக என் ஆலோசனை இதுதான். இந்தத் தொழிலில் இறங்க விரும்பும் சகோதரர் 100 கன்று வாங்க வேண்டாம். ஐந்து இத்திக் கன்றும் ஐந்து கல்லும் எடுங்கள். ஒவ்வொரு ரூபாயையும் ஒவ்வொரு அரை மணித்தியாலத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கல்லில் கட்டிப் புதைத்துவிட்டு ஒன்றரை வருடம் கடையைக் கவனியுங்கள். மண்ணைத் திறக்கும் நாளில் வேர் கல்லைப் பிடித்திருந்தால், உங்கள் பொறுமையையும் ஒருமுறை சோதித்துப் பார்த்தவராவீர்கள். அதன் பிறகு கொப்பியைத் திறந்து, இருபதா ஐம்பதா என்று நீங்களே தீர்மானிக்கலாம். இன்ஷா அல்லாஹ், அந்தத் தீர்மானம் பிறர் பேச்சைக் கேட்டு எடுத்ததாக இருக்காது, சொந்தக் கணக்கைப் பார்த்து எடுத்ததாக இருக்கும்.